மறதி நோய்க்குப் பெயரான டாக்டர் அல்சைமர்

1901-ம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ந் தேதி. ஜெர்மனியில் உள்ள பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் கொண்டுவரப்பட்டாள். பெயர் அகஸ்தே டீட்டர். வயது 51. அவளுடைய கணவர் கார்ல், ரெயில்வேயில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர்.

கல்யாணமாகி 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள். ஒழுங்காக நடந்துகொண்டிருந்த குடும்பம். அந்த ஆண்டு மார்ச் மாதம் திடீரென்று அகஸ்தேக்குக் கணவர் மீது சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அவரைச் சேர்த்துப் பேசினாள். பிறகு ஞாபகம் தவறத் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் கைப்பழக்கமாக இருந்த சமையலில் தப்பு வந்தது. பொருள்களை எங்காவது ஒளித்து வைப்பாள். வைத்த இடம் மறந்துவிடும். காரணம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவாள். அக்கம்பக்கத்து வீடுகளின் மணியை அடிப்பாள். சம்பளக்காரரான கணவரால் வேலைக்கும் போய், அவளையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் அவள் எதிரே ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்தார். கையில் பேனா, காகிதம். அவருக்கு வயது 37. அவர் கேட்ட கேள்விகளையும் அவள் சொன்ன பதில்களையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

அவர்தான் அலோயிஸ் அல்சைமர். இன்று உலகம் முழுவதும் ஒரு நோயின் பெயராக உச்சரிக்கப்படும் பெயர், ஒரு மனிதரின் பெயர்.

நோட்டரியின் மகன்

பவேரியா மாநிலத்தில் மெயின் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் மார்க்ட்பிரைட். அங்கே 1864-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி அல்சைமர் பிறந்தார். தந்தை எட்வர்டு, பத்திரங்களைப் பதிவு செய்யும் நோட்டரி. அவருடைய முதல் மனைவி பிரசவத்துக்குப் பின் இறந்துவிடவே, மனைவியின் தங்கையை மணந்துகொண்டார். அந்த இரண்டாவது மனைவியின் தலைமகன்தான் அலோயிஸ்.

பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் அஷாபன்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெர்லின், வூர்ஸ்பர்க், டூபிங்கன் ஆகிய ஊர்களில் மருத்துவம் படித்தார். அந்தக் காலத்து ஜெர்மன் மாணவர்களுக்கு வாள் சண்டை ஒரு பெருமை. அதில் பட்ட வெட்டுத் தழும்பு அவருடைய முகத்தில் கடைசி வரை இருந்தது.

1887-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்காக அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் மூளைக்கும் சம்பந்தம் இல்லை. காதுக் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது அது. ஆனால் மைக்ராஸ்கோப் என்ற கருவியின் மீது அவருக்கு ஆசை பிறந்தது அந்த வேலையில்தான்.

இரண்டு நண்பர்கள்

1888 டிசம்பரில் பிராங்க்பர்ட் மனநோய் ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். அங்கே தலைமை டாக்டர் எமில் சியோலி. நோயாளிகளைக் கட்டிப்போடக் கூடாது, அடைத்துவைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. மிரளும் நோயாளியை வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் நீண்ட நேரம் உட்காரவைத்து அமைதிப்படுத்துவார்கள். அல்சைமர் அந்த வழியை மனமார ஏற்றார்.

அடுத்த ஆண்டு பிரான்ஸ் நிஸ்ல் என்ற இளம் டாக்டர் அங்கு வந்தார். நரம்புச் செல்களுக்குச் சாயம் ஏற்றி, அவற்றின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காட்டும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். சாயம் ஏற்றாத மூளைத் துண்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெறும் கண்ணாடி போல் இருக்கும். சாயம் ஏற்றினால்தான் செல்கள் கண்ணுக்குப் புலப்படும். இருவரும் பகலில் நோயாளிகளைக் கவனித்தார்கள். இரவில் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார்கள். மனநோய் என்பது பேய் பிசாசும் அல்ல, பாவத்தின் பலனும் அல்ல; மூளையில் ஏற்படும் மாறுதலை அதில் தேட வேண்டும் என்பது இருவரின் நம்பிக்கை.

1894-ல் அல்சைமர், செசிலி என்ற பெண்மணியை மணந்தார். அவர் ஒரு பணக்கார வணிகரின் விதவை. மூன்று குழந்தைகள் பிறந்தன. குடும்பம் சந்தோஷமாக இருந்தது. ஆனால் 1901 பிப்ரவரியில் செசிலி இறந்துபோனார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அல்சைமரின் தங்கை வந்து குழந்தைகளை வளர்த்தார். துக்கத்தை மறக்க அல்சைமர் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். அந்த நிலையில்தான், ஒன்பது மாதம் கழித்து, ரெயில்வே குமாஸ்தாவின் மனைவி அங்கே வந்து சேர்ந்தாள்.

கேள்வியும் பதிலும்

அவளுடைய பெயரைக் கேட்டார். சரியாகச் சொன்னாள். கணவரின் பெயரைக் கேட்டார். அதற்கும் தன் பெயரையே சொன்னாள். பென்சில், பேனா, சாவி, சுருட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிவிட்டாள். சற்றுப் பொறுத்து, என்னென்ன காட்டினேன் என்று கேட்டார். ஒன்றும் நினைவில் இல்லை. மதியச் சாப்பாட்டில் அவளுக்குப் பன்றி இறைச்சியும் காலிபிளவரும் வைத்திருந்தார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, கீரை என்றாள்.

பெயரை எழுதச் சொன்னார். திருமதி என்பதற்கு உரிய சொல்லை எழுதியதும் அடுத்து என்ன எழுத வேண்டும் என்பது மறந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு தடவை, தன்னைத்தானே தொலைத்துவிட்டதாக அவள் சொன்னாள். அதையும் அல்சைமர் எழுதிக்கொண்டார்.

இப்படி மறதி வருவது அந்தக் காலத்து டாக்டர்களுக்குப் புதிது அல்ல. எண்பது வயதுக் கிழவருக்கு வந்தால் முதுமை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இவளுக்கு வயது 51. முதுமை என்று தள்ளிவிட முடியாது. மேகநோய் மூளையைத் தாக்கினாலும் புத்தி மாறும். அந்த அடையாளங்களும் இவளிடம் இல்லை. அதுதான் அல்சைமரின் மனத்தை உறுத்தியது.

1903-ல் அவர் பிராங்க்பர்ட்டை விட்டுப் புறப்பட்டார். மனநோய் மருத்துவத்தில் அப்போது பெரும் புகழ் பெற்றிருந்த எமில் கிரெப்லின் அவரை அழைத்துக்கொண்டார். இருவரும் மியூனிக் நகருக்குப் போனார்கள். அங்கே ஆராய்ச்சிக்கூடத்தை உருவாக்கிய அல்சைமர், சில ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் உழைத்தார். மனைவி வைத்துவிட்டுப் போன சொத்து அதற்கு உதவியது. எத்தனை வேலை இருந்தாலும் அகஸ்தேயை அவர் மறக்கவில்லை. பிராங்க்பர்ட்டிலிருந்து அவளைப் பற்றிய தகவல் கேட்டுப் பெற்றுக்கொண்டே இருந்தார்.

ரெயிலில் வந்த மூளை

1906 ஏப்ரல் 8-ந் தேதி அகஸ்தே இறந்தாள். கடைசி நாட்களில் அவளுக்குப் பேச்சு இல்லை. படுக்கையில் காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள். சேதி தெரிந்ததும் அல்சைமர் பழைய ஆஸ்பத்திரிக்கு வேண்டுகோள் விடுத்தார். சியோலி அவளுடைய மூளையையும் மருத்துவக் குறிப்பையும் மியூனிக்குக்கு அனுப்பிவைத்தார்.

மூளை சுருங்கியிருந்தது. அல்சைமர் அதை மெல்லிய தாள் போலச் சீவி, வெள்ளி உப்பினால் சாயம் ஏற்றும் புதிய முறையைக் கையாண்டார். மைக்ராஸ்கோப்பில் இரண்டு காட்சிகள் தெரிந்தன.

ஒன்று, நரம்புச் செல்களின் உள்ளே தடித்த நூல் சிக்குகள். பெருமூளைப் புறணியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான செல்களில் இந்தச் சிக்கு இருந்தது. சில இடங்களில் செல் அழிந்துபோய், சிக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டாவது, செல்களுக்கு வெளியே தினை அளவில்கூடச் சேராத சின்னஞ்சிறு திட்டுகள். ஏதோ ஒரு விசித்திரமான பொருள் அங்கே படிந்திருக்கிறது என்று அவர் எழுதினார். அது என்ன பொருள் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது.

அந்த ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, டூபிங்கன் நகரில் கூடிய மனநோய் டாக்டர்களின் மாநாட்டில் இதை விளக்கினார். படங்களும் காட்டினார். பேசி முடித்ததும் தலைவர், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாநாடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

1910-ல் கிரெப்லின் தமது பாடநூலின் எட்டாவது பதிப்பில் இதைத் தனி நோயாகச் சேர்த்து, அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். அல்சைமர் தாமாகப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. இது தனி நோய்தானா, அல்லது முதியோருக்கு வரும் மறதியே முன்கூட்டி வந்ததா என்ற ஐயம் அவருக்கே இருந்தது. இதே காலத்தில் பிராகா நகரில் ஆஸ்கர் பிஷர் என்ற டாக்டரும், மறதி கண்ட முதியோரின் மூளையில் இந்தத் திட்டுகளைக் கண்டு 1907-ல் எழுதினார். அவர் பெயர் வெகுகாலம் மறந்துபோனது. ஹிட்லர் ஆட்சியில் சிறைப்பட்டு 1942-ல் அவர் உயிர் நீத்தார்.

சுருட்டுத் துண்டுகள்

மியூனிக் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பல நாடுகளிலிருந்து டாக்டர்கள் படிக்க வந்தார்கள். இத்தாலியர்கள் வந்தார்கள். ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பிறந்து அமெரிக்காவில் டாக்டரான சாலமன் புல்லரும் வந்தார். அல்சைமர் வாயில் சுருட்டுடன் ஒவ்வொரு மாணவரின் மேஜைக்கும் போவார். சுருட்டை மேஜையில் வைத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து நெடுநேரம் விளக்குவார். எழுந்ததும் சுருட்டு மறந்துபோகும். மாலையில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்கும் என்பார்கள்.

1912-ல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த நகரம் இன்று போலந்து நாட்டில் விரோக்ளா என்ற பெயரில் இருக்கிறது. குடும்பத்துடன் ரெயிலில் அங்கே போகும்போதே நோய்வாய்ப்பட்டார். தொண்டையில் வந்த தொற்று மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பிடித்துக்கொண்டது. அதோடேயே மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். 1915 டிசம்பர் 19-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 51. அகஸ்தே ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவளுக்கு இருந்த அதே வயது. பிராங்க்பர்ட்டில் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

மாவு அல்ல, புரதம்

அல்சைமர் பெயர் சொல்ல முடியாமல் விட்ட அந்த விசித்திரப் பொருள் எது? அதன் கதை அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது.

சோற்றுக் கஞ்சியில் அயோடின் விட்டால் நீல நிறமாகும். மாவுச்சத்தைக் கண்டறியப் பள்ளிக்கூடத்தில் செய்யும் சோதனை இது. 1854-ல் ருடால்ப் பிர்கோ என்ற ஜெர்மன் டாக்டர், மனித உடலில் படிந்திருந்த ஒரு பொருளில் அயோடின் விட்டுப் பார்த்தார். அதுவும் நிறம் மாறியது. இது மாவு போன்றது என்று எண்ணி, அமைலாய்டு என்று பெயர் வைத்தார். லத்தீன் மொழியில் அமைலம் என்றால் மாவு. ஐந்தே ஆண்டுகளில் வேறு இருவர் அதைச் சோதித்து, இது மாவு இல்லை, புரத வகை என்று காட்டினார்கள். தவறு தெரிந்தும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

1927-ல் பெல்ஜியம் நாட்டு டாக்டர் டிவ்ரி, அல்சைமர் கண்ட திட்டுகளுக்குக் காங்கோ சிவப்பு என்ற சாயம் ஏற்றி, அவையும் அமைலாய்டுதான் என்று காட்டினார். எந்தப் புரதம் என்பது 1984 வரை தெரியவில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னர், கெய்ன் வாங் என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். இதில் ஒரு கொடுமை. அமைலாய்டு ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்த கிளென்னரின் உடலில் வேறொரு புரதம் அமைலாய்டாகப் படிந்து, 1995-ல் அவர் உயிரைக் கொண்டுபோனது.

தப்பாக மடிந்தால்

நம் உடலில் உள்ள புரதங்கள் எல்லாம் முதலில் நீண்ட சங்கிலியாகவே உருவாகின்றன. அமினோ அமிலம் என்ற 20 வகை மணிகளைக் கோர்த்த சரம் என்று வைத்துக்கொள்ளலாம். கோர்த்ததும் அந்தச் சரம் மடிந்து தனக்கு உரிய வடிவத்தை அடையும். அந்த வடிவத்தில் இருந்தால்தான் வேலை நடக்கும். வளைந்த சாவி பூட்டைத் திறக்காது. தப்பாக மடிந்தவற்றைத் திருத்தவும், திருந்தாதவற்றை அழிக்கவும் செல்லுக்குள் காவல் ஏற்பாடுகள் உண்டு. வயது ஏற ஏற அந்தக் காவல் தளர்கிறது.

அல்சைமர் நோயில் திட்டாகப் படிவது பீட்டா அமைலாய்டு. நரம்புச் செல்லின் மேலுறையில் உள்ள ஒரு பெரிய புரதத்தை இரண்டு என்சைம்கள் கத்தரிக்கோல் போல வெட்டும்போது, பெரும்பாலும் 40 அல்லது 42 மணிகள் கொண்ட சிறு துண்டு விழுகிறது. அதுதான் இது. எல்லோருடைய மூளையிலும் அன்றாடம் உண்டாகிறது. அன்றாடம் கழிந்தும் போகிறது. கழியாமல் தங்கும்போதுதான் தொல்லை. 42 மணித் துண்டு ஒட்டும் குணம் அதிகம் உள்ளது. துண்டுகள் தட்டையாகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி அடுக்கி, முறுக்கிய நூல் இழை போல் ஆகிவிடுகின்றன. உடல் அதைக் கரைப்பது கஷ்டம்.

ஒரு இழை உருவானால் அதுவே அச்சாக நின்று, சும்மா இருக்கும் துண்டுகளையும் தன் வடிவத்துக்கு இழுத்துக்கொள்கிறது. ஒரு கரண்டி உறைமோர் பானைப் பாலையும் தயிராக்குவது போல. தயிர் உறைவது வேறு காரணத்தால் என்றாலும், ஒன்று பலவற்றை மாற்றும் விதத்தில் இரண்டும் ஒன்றுதான்.

செல்லுக்கு உள்ளே இருக்கும் சிக்குகள் டாவ் என்ற இன்னொரு புரதத்தால் ஆனவை. நரம்புச் செல்லுக்குள் சரக்குகள் போய்வர நுண்ணிய பாதைகள் உண்டு. தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் ஸ்லீப்பர் கட்டைகளைப் போல, அந்தப் பாதைகளைப் பிடித்திருப்பது டாவ். அது கழன்று தனக்குள் சுருண்டுகொண்டால் பாதை குலையும், சரக்கு நிற்கும், செல் சாகும். நினைவைப் பதியவைக்கும் பகுதியில் இது முன்னதாகவே தொடங்குவதால்தான், பழைய கதை நினைவில் இருக்கும்போதே இன்று காலை நடந்தது மறந்துபோகிறது.

இந்தப் படிவு, மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. மூளையில் திட்டு இருந்தும் புத்தி தெளிவாக வாழ்ந்து முடிந்தவர்களும் உண்டு. ஆகவே திட்டு ஒன்றே நோய் முழுவதும் அல்ல என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

அல்சைமரிடம் பயின்றவர்களில் மூவர் பெயர் வேறு நோய்களில் நிற்கிறது. பிரெடரிக் லூயி 1912-ல், கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் சிறு உருண்டைகளைக் கண்டார். கிராய்ட்ஸ்பெல்ட், யாகோப் என்ற இருவர் 1920-லும் 1921-லும், மூளையை வேகமாக அழிக்கும் இன்னொரு நோயை விவரித்தார்கள். வெகுகாலம் கழித்து, இவையும் புரதம் தப்பாக மடிவதால் வருபவை என்று தெரியவந்தது. ஒரே ஆசிரியரின் மாணவர்கள், ஒரே குற்றவாளியின் பல முகங்களைப் பெயர் தெரியாமலே பார்த்திருக்கிறார்கள்.

நீல நிறக் கோப்பு

அகஸ்தேயின் குறிப்பேடு வெகுகாலம் காணாமல் போயிருந்தது. 1995 டிசம்பரில், அல்சைமர் இறந்து 80 ஆண்டுகள் முடிந்த இரண்டாம் நாள், பிராங்க்பர்ட் ஆஸ்பத்திரியின் பழைய ஆவணங்களுக்கு நடுவே அது அகப்பட்டது. நீல நிற அட்டைக் கோப்பு. உள்ளே 32 பக்கங்கள். அல்சைமர் தம் கையால் எழுதிய கேள்விகளும் பதில்களும், அகஸ்தேயின் போட்டோவும், அவள் தன் பெயரை எழுதப் பார்த்துப் பாதியில் நிறுத்திய தாளும் அதில் இருந்தன. சில ஆண்டுகளில் மியூனிக்கில் அவளுடைய மூளைத் துண்டுகள் வைத்த கண்ணாடிச் சில்லுகளும் கிடைத்தன. மறுபடி சோதித்தார்கள். அல்சைமர் எழுதியது சரியாகவே இருந்தது.

அமைலாய்டைக் கரைத்து அகற்றும் லெக்கானமாப் என்ற மருந்துக்கு 2023-லும், டொனானமாப் என்ற மருந்துக்கு 2024-லும் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. போன நினைவைத் திருப்பித் தருவதில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் உண்டாகும் ஆபத்தும் இருக்கிறது. முழுக் குணம் தரும் மருந்து இன்னும் வரவில்லை.

மருந்து வரும் வரை அல்சைமர் காட்டிய வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒரு பெரியவர் சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டாலும், பெட்டியில் தாமே வைத்த பணத்தை மருமகள் எடுத்துவிட்டதாகச் சொன்னாலும், அது வம்பும் அல்ல, பிடிவாதமும் அல்ல. மூளையில் புரதம் மடிப்பு மாறியதன் விளைவாக இருக்கலாம். வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு போன்ற குணப்படுத்தக்கூடிய காரணங்களாலும் மறதி வரும் என்பதால், டாக்டரிடம் காட்டிப் பார்ப்பது அவசியம்.

மறதி கண்டவளைப் பைத்தியம் என்று ஒதுக்காமல், எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணவரின் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொன்ன அந்தப் பேச்சையும் மதித்து எழுதிவைத்தார் டாக்டர் அல்சைமர். பிறகுதான் மைக்ராஸ்கோப்பைத் தொட்டார். தன்னையே தொலைத்துவிட்டதாகச் சொன்ன ரெயில்வே குமாஸ்தாவின் மனைவி, அந்த 32 பக்கங்களில் இன்றும் தொலையாமல் இருக்கிறாள்.